ஜீப்புக்குள் அரிசி மாவு

அம்மாவின் இடது கால் மட்டும்தான் நனைந்தது. வலது கால் காய்ந்தே இருந்தது. எனக்கு அது பெரிய துப்பாகத் தெரிந்தது. அம்மாவுக்கு அப்படித் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து கைலாசபுரத்துக்கு, நான் வாங்கிய பழைய ஜீப்பில், ஒரு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா ஓய்வு பெறும்வரை அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம். அப்பா பின்சீட்டில், அம்மா என் பக்கத்தில், பட்டுப்புடவையும் மடியில் வளையல் தட்டுமாக. காவிரிப் பாலத்தில் தூறல் ஆரம்பித்தது. சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது கொட்டியது. நிழற்குடை கிடைக்காமல் தலையில் பையை வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்து, "பாத்தியாம்மா, பஸ்ஸுல வந்திருந்தா நம்ம கதி இதான்" என்றேன் பெருமையாக.

பால்பண்ணை சிக்னலில் நின்றபோது அம்மா நிதானமாகக் கேட்டாள்.

"ஏண்டி, இந்த வண்டிக்குள்ள கால் கழுவக்கூட வசதி வச்சிருக்காங்களா?"

எட்டிப் பார்த்தேன். அம்மாவின் காலடியில், இடது ஓரப் பள்ளத்தில், கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பிரேக் போட்டால் முன்னால் வந்து முட்டும், வண்டியை எடுத்தால் சீட்டுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். வளைகாப்பு வீட்டு வாசலில் அம்மா இறங்கியபோது புடவைக் கரையின் ஒரு முழம் நிறம் மாறியிருந்தது. இனி இந்த வண்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது அவள் பஸ்ஸில் வந்தாள். "பஸ்ஸுல மேலதான் ஒழுகும். குடை பிடிச்சுக்கலாம்" என்று காரணம் சொன்னாள்.

அந்த ஜீப் என்னைவிட மூன்று வயது மூத்தது. இரும்புக் கூரை, நாலு சக்கரத்துக்கும் இழுவை, ஸ்டார்ட் செய்தால் தெருவுக்கே தெரியும் ஒரு குரல். படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது கணினி வேலை என்ற நிலையில் இருக்கும் எனக்கு, கையில் கிரீஸ் படுகிற ஒரே இடம் அதுதான். மணப்பாறையில் மாட்டு வியாபாரம் செய்யும் ஒருவரிடமிருந்து வாங்கினேன். சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்கிற மாதிரி நானும் பார்த்துத்தான் வாங்கினேன். அடியில் படுத்து சேஸிஸைத் தட்டினேன், ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்தேன், கியரை எல்லாப் பக்கமும் தள்ளினேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. நான் வாங்கியது சித்திரை மாதம். சித்திரையில் எந்த வண்டியும் ஒழுகாது.

சாவியைக் கொடுக்கும்போது அந்த வியாபாரி, "பிடிக்கலைன்னா எப்ப வேணாலும் கொண்டாங்க பாப்பா, நானே எடுத்துக்கிறேன்" என்று மரியாதைக்குச் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அப்பா வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தார்.

அப்பாவின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய பெரிய இரும்புக் குழாய்களில் தண்ணீரை ஏற்றி, அழுத்தம் கொடுத்து, எங்காவது ஒரு சொட்டு கசிகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. கசிந்தால் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறி விழுந்த சாமான் தொழிற்கூடத்தை, அவர் பாஷையில் ஷாப்பை, விட்டு வெளியே போகாது. வளைகாப்பிலிருந்து வந்த மறுநாள் காலை, என் ஜீப்பின் முன் பம்பரில் அதே சிவப்புக் குறி இருந்தது.

"என்னப்பா இது?"

"ரிஜெக்ட்."

"ஒரு தடவை ஒழுகினதுக்கா?"

"ஒரு தடவைதான் ஒழுகும். அப்புறம் அது பேரு குணம்" என்றார். "தீபாவளிக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். அன்னிக்கு நான் டெஸ்ட் பண்ணுவேன். ஒரு சொட்டு உள்ள வந்தா வண்டி மணப்பாறைக்குப் போகுது. ஒழுகுற சாமானை வாசல்ல நிறுத்தி வச்சிருந்தா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று அவர் நிஜமாகவே இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார்.

ஒரு மாதம்கூட இல்லை. முதலில் முன்கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன். சுற்றியிருந்த ரப்பர் பீடிங் காய்ந்த மீனைப் போல வெடித்திருந்தது. பாலக்கரையில் பீடிங் விற்கும் கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"என்ன வண்டிம்மா?"

"ஜீப்புங்க. ஒழுகுது."

"ஜீப்புன்னா ஒழுகும்மா" என்றார், ரப்பரை அளந்துகொண்டே. "ஒழுகலைன்னாதான் எதையோ கழட்டிட்டாங்கன்னு பயப்படணும்."

ரப்பரின் பள்ளத்தில் ஒரு நூல்கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளேயிருந்து நான் கயிற்றை இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க ரப்பரின் உதடு உள்பக்கமாக மடிந்து உட்காரும். அழுத்துவதற்கு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஒழுகுற வண்டியைத் தொடமாட்டேன்னு சொன்னேன்ல?"

"தொட வேணாம்மா. கண்ணாடியை மட்டும் அழுத்து."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். கயிறு ஒரே இழுப்பில் வந்தது. கண்ணாடி அச்சாக உட்கார்ந்தது. அந்த வாரம் மழை பெய்தது. இடது பக்கம் மறுபடியும் குளம்.

அடுத்து கதவுகள். ஒரு துண்டு செய்தித்தாளை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி, தாளை இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் செத்துவிட்டது. நான் வைத்த பதினாறு இடத்தில் பதினோரு இடம் செத்திருந்தது. நாலு கதவுக்கும் புது ரப்பர். அப்புறம் தரையில் இருந்த ஓட்டைகளுக்குப் புது ரப்பர் மூடிகள். கிளட்ச் பக்கம் ஒயர் நுழையும் துளைக்கும் ஒன்று. எல்லாம் முடிந்து கதவைச் சாத்தினால் காது அடைத்தது. இப்போது ஜீப்புக்குள் காற்று புகாது. தண்ணீர் மட்டும் புகுந்தது.

அப்பாவால் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு அம்மாவின் சீட்டில் ஏறிச் சுருண்டு உட்கார்ந்தார். நான் வெளியே ஓஸ் பைப்போடு நின்றேன்.

"கீழேருந்து மேல வரணும்!" என்று உள்ளேயிருந்து கத்தினார். "மேல ஊத்தினா எங்கேருந்து வருதுன்னு தெரியாது!"

கதவின் அடிப்பக்கம் ஊற்றினேன்.

"வருதா?"

"வரலை!"

கதவின் மேல்பக்கம். "வரலை!" கண்ணாடியின் கீழ் ஓரம். "வரலை!" கூரை. "வரலைம்மா, வரவே இல்லை!" மாடி வீட்டிலிருந்து ஒரு குரல், "அபிஷேகம் முடிஞ்சுதாங்க? தீபாராதனை எப்போ?" என்றது. நான் குழாயை நிறுத்தி, பைப்பைச் சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டு ஜெயித்த முகத்தோடு திரும்பினேன்.

"வருது! வருது! காலுல வருது!" என்று அப்பா கத்தினார்.

ஊற்றும்போது வரவில்லை. ஊற்றி முடித்த பிறகு வந்தது. இதற்கு எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை. அப்பா நனைந்த லுங்கியோடு இறங்கி, மழையில் மங்கியிருந்த சிவப்புக் குறியின் மேல் இன்னொரு முறை சாக்பீஸை ஓட்டிவிட்டு உள்ளே போனார்.

கெடுவுக்கு நாலு நாள் இருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை அப்பாவுடையதுதான். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை ஷாப்பில் எப்படிப் பிடிப்பார்கள் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் அவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் சாக்பீஸ் பொடியைக் கரைத்துப் பூசிக் காயவிடுவார்கள். மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவார்கள். எங்கே ஓட்டையோ அங்கே வெள்ளையில் கறை விழும். மண்ணெண்ணெய்க்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதானே? சாக்பீஸ் பொடிக்கு எங்கே போவது என்று நினைத்தபடி வாசலுக்கு வந்தேன். கதவுக்குப் பின்னால் அம்மாவின் கோலமாவு டப்பா இருந்தது. வெள்ளைப் பொடி. எனக்கு அது போதும்.

மதியம். அப்பாவும் அம்மாவும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்தே கலந்துகொண்ட அலுவலகக் கூட்டத்தில் என் கேமரா அணைந்திருந்தது. டப்பாவைக் கவிழ்த்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் ஜீப்பின் இடது காலடி முழுவதும், பக்கத் தகடு, டாஷ்போர்டுக்கு அடியில் கை எட்டும் வரைக்கும் பூசினேன். பெடஸ்டல் ஃபேனை இழுத்து வந்து காயவைத்தேன். வெள்ளை வெளேரென்று, கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் வெளியே வந்து வாளி வாளியாக ஊற்றினேன். காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ஈரக்கோடு இறங்கியது. இறங்கியதே தவிர, எங்கேயிருந்து என்று காட்டவில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் என் கையும் போகாது, தலையும் போகாது. அதற்குள் காதில் மாட்டியிருந்த கருவியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஓடினேன். பூசியதைக் கழுவ மறந்தே போனேன்.

மறுநாள் காலை கோலம் போடப் போன அம்மாவின் குரல் கேட்டது.

"என் டப்பா எங்கே? ...ஐயோ, இது என்னடி கூத்து!"

போய்ப் பார்த்தேன். ஜீப்பின் இடது காலடி கறுப்பாக இருந்தது. கறுப்பு அசைந்தது. எறும்பு. பிள்ளையார் எறும்பு, ஆயிரக்கணக்கில்.

"கடையில கல்மாவு விக்குதுல்ல? அதை வாங்கிப் பூசியிருக்க வேண்டியதுதானே? என் அரிசி மாவையா எடுத்தே?"

"அது அரிசி மாவா?"

"பின்னே? இத்தனை வருஷமா இந்த வாசல்ல எறும்பு சாப்பிடட்டும்னுதானே பச்சரிசியை இடிச்சுப் போடறேன்? இதுகூடத் தெரியாம என்னத்தைடி படிச்சே?"

நான் பிறந்ததிலிருந்து தாண்டிப் போன கோலம். அது எதனால் ஆனது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அப்பா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "டெஸ்ட் பண்றதுக்குக்கூட சாப்பாடு போட்டுத்தான் பண்ணணுமா இந்த வீட்டுல?" என்றார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "ஆமாங்க... ஞாயித்துக்கிழமையே வாங்க... நல்ல வண்டிதான், நமக்குத்தான் ஒத்துவரலை" என்று அவர் பேசுவது கேட்டது. ரிஜெக்ட் என்றபோதெல்லாம் வராத பயம், அவர் 'நல்ல வண்டி' என்று சொன்னபோது வந்தது.

கோபத்தில் அலமாரியிலிருந்து எறும்பு மருந்துச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா கையிலிருந்து பிடுங்கினாள்.

"நாமளே மாவு வச்சு வரச் சொல்லிட்டு, வந்ததும் மருந்து வைப்பியா? சாப்பிட்டுட்டுத் தானா போகும். தொடாதே."

"ஞாயித்துக்கிழமை அவரு வர்றாரும்மா!"

"அதுக்கு எறும்பு என்ன பண்ணும்?"

வேறு வழியில்லை. கதவைத் திறந்து வைத்து, அப்படியே தரையில் உட்கார்ந்தேன். வேலை எதுவும் செய்ய முடியாத நேரத்தில்தான் மனிதர்கள் எதையாவது பார்க்கிறார்கள் போல. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. இவை எப்படி உள்ளே வந்தன?

கதவெல்லாம் புது ரப்பர். தரையெல்லாம் புது மூடி. காற்று புகாத வண்டி. ஆனால் எறும்புகள் மாவைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கமும் போகவில்லை, தரைப் பக்கமும் போகவில்லை. பக்கத் தகட்டில் ஏறி, டாஷ்போர்டுக்குப் பின்னால், என் தலை போகாத அந்த இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. வெளியே ஓடினேன். முன் டயரில் ஒரு வரிசை. டயரிலிருந்து மட்கார்டின் உள்பக்கம். அங்கிருந்து மேலே. பானெட்டைத் தூக்கினேன். முன்கண்ணாடிக்குக் கீழே, வண்டிக்குள் காற்று போவதற்காக ஒரு தகரப்பெட்டி உண்டு. அதன் இடது மூலையில், இரண்டு தகடு சேரும் இடத்தில், இடைவெளியை அடைத்திருந்த பழைய சீலன்ட் பசை காய்ந்து சுருங்கியிருந்தது. எறும்பு வரிசை அதற்குள் போய் மறைந்தது. அதற்குள்ளிருந்தே வந்தது.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிச் செருகினேன். முழுசாகப் போனது.

"அப்பா! உள்ள உட்கார்ந்து பாருங்க! குச்சி தெரியுதா?"

முனகிக்கொண்டே ஏறினார். எறும்பை மிதிக்காமல் காலைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சை அடித்தார்.

"...தெரியுது."

"ஆடுதா?"

"ஆடுதும்மா." டார்ச் அணைந்தது. அப்புறம், "எறும்பு புடிச்ச டிஃபெக்ட்டை நான் விட்டுட்டேனே" என்றார்.

அந்தப் பெட்டியின் வாய் வழியாகக் கையை விட்டேன். வந்தது வைக்கோல். பிடி பிடியாக, கறுத்து மக்கிய வைக்கோல். மணப்பாறைக்காரர் பல வருடம் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிய ஜீப் அல்லவா? அது பெட்டிக்குள் விழுந்து, தண்ணீர் வடிய வேண்டிய குழாயை அடைத்திருக்கிறது. மழை பெய்தால் பெட்டி மெல்ல நிரம்பும். அந்த மூலை உயரத்துக்கு நிரம்பிய பிறகுதான் கசியும். ஊற்றும்போது வராமல், ஊற்றி முடித்த பிறகு வந்ததற்குக் கணக்கு ஒத்துவந்துவிட்டது. நான் பைப்பைச் சுருட்டும் நேரம்தான் அது நிரம்பும் நேரம்!

குதித்தேன். அப்பா குதிக்கவில்லை.

"கண்டுபிடிச்சாச்சு, சரி. அடைச்சிட்டியா? பாஸாயிடுச்சா? அவரு ஞாயித்துக்கிழமை வர்றாரு. வரட்டும்."

அடைப்பதற்கு எறும்பு போக வேண்டும். அம்மா சமையலறையில் இருந்த அரிசி மாவை எடுத்து, ஜீப்பின் டயரிலிருந்து காம்பவுண்டு ஓரத்து அரளிச்செடி வரைக்கும் ஒரே கோடாக இழுத்தாள். புள்ளி இல்லாத கோலம். பொழுது சாய்வதற்குள் ஊர்வலம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வெள்ளிக்கிழமை வைக்கோலை முழுசாக எடுத்து, வடிகுழாய்க்குள் கம்பியை விட்டுக் குத்தித் திறந்தேன். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, மறுபடி துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்து, அது காய்ந்ததும் மூலை முழுக்கப் புது சீலன்டை அப்பி விரலால் வழித்துவிட்டேன். சனிக்கிழமை முழுவதும் வெயில். காய்வதற்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை வியாபாரி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு முறுக்குப் பொட்டலங்கள். "ஊர் முறுக்குங்கம்மா" என்று ஒன்றை அம்மாவிடம் நீட்டினார். பம்பரைப் பார்த்து, "என்னங்க இது, சிவப்புல பெருக்கல் போட்டிருக்கு?" என்று கேட்டார். அப்பா ஆணியிலிருந்து ஓஸ் பைப்பை எடுத்தார். "மொதல்ல டெஸ்ட்" என்றார்.

"உள்ள நான் உட்காரட்டுமா?" என்று வியாபாரியே கேட்டார். "எனக்குப் பழக்கம்தாங்க. அந்தப் பக்கம் உட்கார்றவங்களுக்குன்னே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வண்டியிலேயே போட்டு வச்சிருந்தேன்."

"தெரிஞ்சே வித்தீங்களா?" என்றேன்.

"ஜீப்புன்னா ஒழுகும்ல பாப்பா?" என்றார் வெகுளியாக.

இன்னொரு முறுக்குப் பொட்டலத்தோடு அம்மாவின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். காலடியில் நான் செய்தித்தாள் விரித்தேன். அப்பா ஓஸ் பைப்பை என்னிடம் தரவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, கண்ணாடிக்குக் கீழே ஊற்ற ஆரம்பித்தார். பத்து நிமிடம். கால் மணி. வடிகுழாய் வழியாகத் தண்ணீர் மட்கார்டுக்குக் கீழே கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நான் நகத்தைக் கடித்தேன். முன்னால் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். அப்பா குழாயை மூடினார். பைப்பைச் சுருட்டினார். ஆணியில் மாட்டினார். அப்புறம் இன்னொரு கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து முறுக்கு உடைபடும் சத்தம் மட்டும் வந்தது.

"வருதா?"

"என்னது?"

"தண்ணிங்க! தண்ணி வருதா?"

"குடிக்கவா? முறுக்குக்குக் கொஞ்சம் குடுத்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அப்பா கதவைத் திறந்து குனிந்து செய்தித்தாளைத் தடவினார். நான்கு மூலையையும் தடவினார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முறுக்குத் தூள் கொட்டியது. அவ்வளவுதான்.

வியாபாரி இறங்கி, ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். புது பீடிங்கைத் தடவினார், கதவைத் திறந்து சாத்திப் பார்த்தார். அது 'டொப்'பென்று கனமாக மூடியது. அவர் முகம் மாறிவிட்டது.

"சரிங்க, நான் ஓட்டிட்டுப் போறேன். பாப்பா குடுத்ததுக்கு மேலயே போட்டுத் தர்றேன். என் வண்டி, இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாமப் போச்சு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, பம்பரில் இருந்த சிவப்புக் குறியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வேற. பாஸான சாமானை யாராவது திருப்பி அனுப்புவாங்களா?" என்றார்.

"நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"டெஸ்ட்டுக்குச் சாட்சி வேணுமில்ல? அதுக்குத்தான். வாங்க, காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

வியாபாரி இட்லியும் காபியும் சாப்பிட்டார். இரண்டு முறை விலையை ஏற்றிப் பார்த்தார். அப்பா இரண்டு முறையும் சட்னியைப் பற்றிப் பேசினார்.

தீபாவளி முடிந்த வாரம் கைலாசபுரத்தில் குழந்தை பிறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. பார்க்கக் கிளம்பிய அன்று நல்ல மழை. "பஸ்ஸுலயே போயிக்கிறேன்" என்று ஆரம்பித்த அம்மா, குடையைத் தேடி, கிடைக்காமல், ஜீப்பில் ஏறினாள். காவிரிப் பாலத்தில் தண்ணீர் சட்டி சட்டியாகக் கொட்டியது. இந்தத் தடவை பஸ்ஸைப் பற்றி நான் பெருமை பேசவில்லை. சத்திரம் தாண்டியது. அப்பா பின்சீட்டிலிருந்து அடிக்கடி முன்னால் எட்டிக் குனிந்தார். பால்பண்ணை சிக்னலில் சிவப்பு விழுந்தது. நானும் மெதுவாக எட்டிப் பார்த்தேன்.

அம்மா செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தாள். இரண்டு காலையும் வெறும் தரையில் நன்றாக நீட்டி வைத்திருந்தாள்.

"என்னடி பாக்கறே? ரோட்டைப் பாரு" என்றாள்.

டாஷ்போர்டு மேல் ஓர் எறும்பு தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா மடியிலிருந்த இனிப்புத் தட்டிலிருந்து ஒரு சீனிமிட்டாய்த் துணுக்கைக் கிள்ளி அதன் முன்னால் வைத்தாள். பச்சை விழுந்தது.